பெயர் தெரிந்த அட்டையும் பெயர் தெரியாத மரமும்

 

மாலை மக்தபுக்கு வரும் பிள்ளைகளின் பைகளில் குர்ஆன் பிரதிக்கும் குறிப்பேட்டுக்கும் நடுவே ஒரு சிறு அட்டைக் கட்டு இருப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. ரப்பர் வளையம் போட்டுப் பத்திரப்படுத்திய அந்த அட்டைகளில் விந்தையான உருவங்கள் அச்சிடப்பட்டிருக்கும். பிள்ளைகள் அவற்றைப் போக்கிமான் என்று அழைக்கின்றனர். "இது கூடுமா, கூடாதா?" என்பதே பெற்றோர் நம்மிடம் கேட்கும் முதல் கேள்வியாக இருக்கிறது.

பெரும்பாலான இல்லங்களில் இந்த அட்டைகளுக்கு இரண்டு விதமான வரவேற்பே கிடைக்கிறது. ஒன்று, பறித்துக் கிழித்து எறிவது. மற்றொன்று, பிள்ளை சத்தமில்லாமல் இருந்தால் போதும் என்று விட்டுவிடுவது. முதல் வழியில் பிள்ளை ஒளித்து வைக்கக் கற்றுக்கொள்கிறான். இரண்டாவது வழியில் பெற்றோர் பிள்ளையின் உலகத்துக்கு வெளியிலேயே நின்றுவிடுகின்றனர். அந்த அட்டையில் என்னதான் இருக்கிறது என்ற கேள்வியை இரு சாராருமே கேட்பதில்லை.

நாம் இங்கே எல்லா அட்டைகளையும் பற்றிப் பேசப் போவதில்லை. பச்சை நிறத்தில் இலைச் சின்னம் பொறித்து வரும் அட்டைகளை மட்டும் எடுத்துக்கொள்வோம். அவற்றிலுள்ள உருவங்களில் பல, உலகின் ஏதோ ஒரு மூலையில் உண்மையாகவே வளரும் தாவரங்களிலிருந்து கடன் வாங்கப்பட்டவை. கடன் வாங்கி வரைந்த ஓவியரைப் பிள்ளை வியக்கிறான். அந்த ஓவியருக்கு மூலமாக அமைந்த செடியையும், அச்செடியைப் படைத்த ரப்பையும் அவனுக்கு அறிமுகப்படுத்தும் பொறுப்பு நம்முடையது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

வயல் மறைந்த ஊரில் பிறந்த விளையாட்டு

இவ்விளையாட்டை உருவாக்கியவர் ஜப்பானைச் சேர்ந்த சதோஷி தஜிரி. 1965ஆம் ஆண்டு பிறந்த அவர், டோக்கியோவின் புறநகரான மச்சிதாவில் வளர்ந்தார். சிறு வயதில் குளக்கரையிலும் வயலிலும் பூச்சி பிடிப்பதே அவருக்குப் பெரும் பொழுதுபோக்கு. 'பூச்சி டாக்டர்' என்று மற்றச் சிறுவர்கள் அவருக்குப் பட்டப்பெயரே வைத்திருந்தனர். ஊர் வளர்ந்தது. வயல்கள் இருந்த இடத்தில் அடுக்குமாடிகளும் கடைகளும் எழுந்தன. குளங்கள் தூர்ந்தன. பூச்சிகளும் மறைந்தன. தேடிக் கண்டுபிடித்து, சேகரித்து, நண்பனோடு மாற்றிக்கொள்ளும் அந்த இன்பத்தை நகரத்துப் பிள்ளைகளுக்கு வேறொரு வடிவில் தர வேண்டும் என்ற எண்ணமே இவ்விளையாட்டுக்கு வித்தாயிற்று.

1996ஆம் ஆண்டு பிப்ரவரி 27 அன்று அது கையடக்க விளையாட்டுக் கருவிக்காக ஜப்பானில் வெளியாயிற்று. அதே ஆண்டு அக்டோபரில் அட்டைகள் வந்தன. 1999இல் ஆங்கிலத்தில் அச்சாகி உலகெங்கும் பரவின. தொடக்கத்தில் 151 உருவங்கள் இருந்தன. இன்று அவற்றின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டிவிட்டது.

இந்த வரலாற்றை நாம் ஊன்றிப் படிக்க வேண்டும். மண்ணிலும் நீரிலும் கால் வைத்து வளர்ந்த ஒரு சிறுவன், அந்த மண் போன பிறகு அதன் நினைவை விளையாட்டாக்கினான். இன்றைய நம் பிள்ளைக்கோ அந்த மண்ணின் நினைவே கிடையாது. அவனுக்கு விளையாட்டு மட்டும்தான் கிடைத்திருக்கிறது.

அட்டையின் பின்னே இருக்கும் செடிகள்

முதலாவதாக, வைல்ப்ளூம் என்ற அட்டையை எடுத்துக்கொள்வோம். சிறிய உடலின் தலைமேல் குடைபோல விரிந்த, வெண்புள்ளிகள் கொண்ட பெரிய செம்மலர். அதன் ஜப்பானியப் பெயரே அதன் மூலத்தைச் சொல்லிவிடுகிறது. 'ரஃப்லேசியா' என்பதை ஒட்டியே அப்பெயர் அமைந்திருக்கிறது. இந்தோனேசியாவின் சுமத்திராக் காடுகளிலும் போர்னியோவிலும் பூக்கும் ரஃப்லேசியா அர்னால்டி, உலகிலேயே மிகப் பெரிய தனி மலர். ஒரு மீட்டர் அகலம் வரை விரியக்கூடியது. இச்செடிக்கு இலை இல்லை, தண்டு இல்லை, சொந்தமான வேரும் இல்லை. திராட்சைக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு காட்டுக் கொடிக்குள் நூல்போல மறைந்து வாழ்ந்து, அதன் உணவையே தானும் உண்டு, மொட்டு விட மட்டுமே வெளியே வருகிறது. மொட்டு முதிரப் பல மாதங்கள் ஆகும். மலர்ந்த பின் ஏறக்குறைய ஒரு வாரமே நிற்கும்.

அட்டை உலகில் இவ்வகைப் பூக்களின் நாற்றமும் மகரந்தமும் எதிரியை வீழ்த்தும் ஆயுதங்கள். உண்மை மலரிலும் அழுகிய இறைச்சியின் நாற்றம் உண்டு. ஆனால் அங்கே அது ஆயுதம் அன்று, அழைப்பு. ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியே இருப்பதால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மகரந்தத்தைக் கொண்டுசெல்ல ஈக்கள் வேண்டும். ஈக்களுக்குப் பிடித்த மணத்தை அம்மலருக்குக் கொடுத்திருக்கிறான் படைத்தவன். நமக்கு அருவருப்பாகத் தோன்றும் ஒன்று மற்றோர் உயிருக்கு விருந்தழைப்பாக இருக்கிறது. அட்டையில் போரைக் கண்ட பிள்ளைக்குக் காட்டில் நடப்பது ஓர் ஏற்பாடு என்று விளக்கினால் அவன் வியப்பு குறைவதில்லை. பன்மடங்காகிறது.

இரண்டாவது, விக்ட்ரீபெல். மஞ்சள் நிறக் குடுவை, மேலே இலை மூடி, அகன்ற வாய். இதன் மூலம் நெப்பந்தஸ் எனப்படும் குடுவைத் தாவரம். இது நம் வாசகர்களுக்கு அவ்வளவு தொலைவிலுள்ள செடி அன்று. இலங்கையின் தென்மேற்கு ஈர வலயத்தில், அந்நாட்டுக்கே உரிய ஓர் இனம் வளர்கிறது. இந்தியாவில் இயற்கையாக வளரும் ஒரே இனம் மேகாலயாவின் மலைகளில் இருக்கிறது. அந்தக் குடுவை பூ அன்று. இலையின் நுனியே அவ்வாறு உருமாறி நிற்கிறது. விளிம்பில் தேன் சுரக்கிறது. ஈரம் பட்டால் அவ்விளிம்பு வழுக்குகிறது. தேன் குடிக்க வந்த எறும்பு உள்ளே விழுந்து, அடியிலுள்ள நீரில் கரைந்து செடிக்கு உணவாகிறது.

இச்செடி ஏன் பூச்சி உண்கிறது என்று பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். "கெட்டது, அதனால்தான்" என்பான். அட்டை அவனுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறது. உண்மையில் இச்செடிகள் வளரும் மண்ணில் நைட்ரஜன் சத்து மிகக் குறைவு. மண் தராததை வானில் பறப்பவற்றிலிருந்தும் ஊர்ந்து வருபவற்றிலிருந்தும் பெறும் வழி அவற்றுக்கு வழங்கப்பட்டிருக்கிறது. அவ்வழி எப்போதும் கொலையாகவும் இருப்பதில்லை. போர்னியோவிலுள்ள ஒரு குடுவைத் தாவரம் சிறு வௌவால்களுக்குப் பகலில் தங்க இடம் கொடுக்கிறது. வௌவாலின் எச்சமே அதற்கு வாடகை. ரிஸ்கைப் பற்றி நாம் வகுப்பில் எத்தனையோ பாடம் நடத்துகிறோம். வளமற்ற நிலத்தில் நிற்கும் ஒரு செடிக்கு ரிஸ்க் சிறகு முளைத்து வந்து சேரும் இந்தக் காட்சியைவிடத் தெளிவான பாடம் எங்கே கிடைக்கும்?

மூன்றாவது, பாராஸ். நண்டு போன்ற பூச்சி. அதன் முதுகில் இரண்டு காளான்கள். காளான் தாவரம் அன்று, தனி வகை உயிர் என்பதைப் பிள்ளைக்குச் சொல்லிவிட வேண்டும். ஆயினும் அட்டையில் அது செடி வகையிலேயே சேர்க்கப்பட்டிருக்கிறது. அடுத்த உருவமான பாராசெக்டில் காளான் பெரிதாக வளர்ந்து பூச்சியையே ஆட்கொண்டுவிடுகிறது. இதுவும் வெறும் கற்பனை அன்று. இமயமலையிலும் திபெத்திலும் 3000 மீட்டருக்கு மேற்பட்ட புல்வெளிகளில், மண்ணுக்குள் வாழும் ஒருவகைப் புழுவைப் பூஞ்சை தொற்றிக் கொல்கிறது. பனி உருகும் காலத்தில் அப்புழுவின் தலையிலிருந்து மெல்லிய தண்டு ஒன்று மண்ணுக்கு மேலே எட்டிப் பார்க்கிறது. குளிரில் புழு, கோடையில் புல் என்ற பொருளில் திபெத்திய மக்கள் இதற்குப் பெயரிட்டிருக்கின்றனர். நாட்டு மருந்துக்காக இதைத் தேடி மலையேறி விற்றுப் பிழைக்கும் குடும்பங்கள் நேபாளத்திலும் பூட்டானிலும் உத்தரகண்டிலும் உள்ளன.

நான்காவது, நம் உள்ளத்துக்கு மிக நெருக்கமானது. ஸ்மோலிவ் என்று ஒரு சிறு உருவம். அதன் தலையில் ஆலிவ் காய் ஒன்று. இது வளர்ந்து ஆர்போலிவா என்ற மரமாகிறது. 2022இல் வெளியான விளையாட்டில் இவை இடம்பெற்றன. ஸ்பெயின் நாட்டை மாதிரியாகக் கொண்டு அவ்விளையாட்டின் நிலப்பரப்பை அமைத்திருந்தார்கள். ஆலிவ் என்றால் வேறொன்றுமில்லை, நம் ஸைத்தூன். திருமறையின் அத்தீன் அத்தியாயம் அத்திக்கும் ஸைத்தூனுக்கும் சத்தியமிட்டே தொடங்குகிறது. அந்நூர் அத்தியாயத்தில் இறையொளியின் உவமையில் பேசப்படும் விளக்கு எரிவதும் அம்மரத்தின் எண்ணெயில்தான். நம் பிள்ளை ஓதும் வசனத்திலும் ஸைத்தூன் இருக்கிறது, அவன் பைக்குள் இருக்கும் அட்டையிலும் ஸைத்தூன் இருக்கிறது. இரண்டும் ஒன்றே என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை.

ஸ்மோலிவ் தன்னைக் காத்துக்கொள்ளக் கசப்பும் துவர்ப்புமான எண்ணெயைப் பீய்ச்சும் என்கிறது விளையாட்டு. மரத்திலிருந்து பறித்த ஸைத்தூன் காயைக் கடித்துப் பார்த்தவர்கள் அந்தக் கசப்பை அறிவார்கள். உப்பு நீரில் நாள்கணக்கில் ஊறவைத்துக் கசப்பை நீக்கிய பிறகே அது உணவு மேசைக்கு வருகிறது. உலகில் மிக அதிகமாக ஸைத்தூன் எண்ணெய் உற்பத்தி செய்யும் நாடு ஸ்பெயின். அந்நாட்டு மக்கள் எண்ணெயை 'அஸைத்தே' என்கின்றனர். 'அஸ்ஸைத்' என்ற அரபுச் சொல்லின் மறுவடிவமே அது. முஸ்லிம்கள் அங்கே நூற்றாண்டுகளாக வாழ்ந்த சுவடு சமையலறைச் சொல்லாக இன்றும் நிற்கிறது. அந்த அந்தலூஸின் மாலகா நகரில் பிறந்து, 1248இல் திமிஷ்கில் இறந்த இப்னுல் பைத்தார், ஏறத்தாழ 1400 மருந்துப் பொருள்களைத் தொகுத்து எழுதினார். அவற்றில் பெரும்பாலானவை செடிகொடிகள். அவருக்கு முன்பே, 9ஆம் நூற்றாண்டில், அபூ ஹனீஃபா அத்தீனவரி தாவரங்களுக்கென்றே ஒரு பெருநூல் இயற்றியிருந்தார். தேடிச் செல்வதும் பெயரறிந்து சேகரிப்பதும் நம் முன்னோருக்கு இபாதத்தின் நிழலில் நடந்த கல்வி. இந்த ஒற்றை அட்டையிலிருந்து பிள்ளையை இவ்வளவு தூரம் அழைத்துச் செல்லலாம்.

பெயர்களை யார் கற்றுக்கொடுப்பது?

2002ஆம் ஆண்டு மார்ச்சில் 'சயின்ஸ்' என்ற அறிவியல் இதழில் ஓர் ஆய்வுக் கடிதம் வெளிவந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ பாம்ஃபோர்டும் அவர் குழுவினரும், 4 முதல் 11 வயது வரையுள்ள 109 பிரிட்டிஷ் பள்ளிப் பிள்ளைகளிடம் அட்டைகளைக் காட்டிப் பெயர் கேட்டனர். பாதி அட்டைகளில் அந்நாட்டில் சாதாரணமாகக் காணப்படும் செடிகளும் விலங்குகளும் இருந்தன. மறுபாதியில் போக்கிமான் உருவங்கள் இருந்தன. 4 வயதுப் பிள்ளைகள் உண்மை உயிர்களில் 32 விழுக்காட்டையும் போக்கிமானில் 7 விழுக்காட்டையும் மட்டுமே அடையாளம் கண்டனர். 8 வயதில் நிலைமை தலைகீழானது. போக்கிமானில் 78 விழுக்காடு, உண்மை உயிர்களில் 53 விழுக்காடு. அந்த வயதுக்குப் பின் உண்மை உயிர்களின் பெயரறிவு கூடவில்லை.

இவ்வாய்வு பிள்ளைகளைப் பழிக்கவில்லை. பிள்ளைகளின் நினைவாற்றல் அளப்பரியது என்பதைத்தான் அது காட்டுகிறது. ஹிஃப்ழு வகுப்பு நடத்தும் நமக்கு இது புதிய செய்தியும் அன்று. ஒரு நூறு உருவங்களின் பெயர், வகை, வலிமை, பலவீனம் அனைத்தையும் ஒரு சிறுவன் தானாகவே மனனம் செய்கிறான் என்றால், நம் தெருவிலுள்ள பத்து மரங்களின் பெயர் அவனுக்குத் தெரியாமல் போனதற்கு அவன் மூளை காரணமன்று. அந்தப் பெயர்களை அவனுக்கு எவரும் ஆர்வத்தோடு சொல்லவில்லை. அட்டை விற்பவர் சொன்னார். நாம் சொல்லவில்லை.

முதல் மனிதரான ஆதம் (அலை) அவர்களுக்கு அல்லாஹ் முதலில் கற்றுக்கொடுத்தது பொருள்களின் பெயர்களை என்று அல்பகரா அத்தியாயம் கூறுகிறது. வானவர்களுக்கு முன்னால் அவரது சிறப்பு வெளிப்பட்டதும் அப்பெயரறிவின் வழியாகவே. பெயர் தெரியாத ஒன்றின் மீது மனிதனுக்கு அன்பு பிறப்பதில்லை. 'ஏதோ ஒரு மரம்' வெட்டப்பட்டால் எவரும் கவலைப்படுவதில்லை. 'நம் பள்ளிவாசல் வேம்பு' வெட்டப்பட்டால் ஊரே கேட்கும். ஆகவே பெயர்களை இழப்பது சிறிய இழப்பு அன்று. படைப்பைச் சிந்தித்துப் படைத்தவனை அறியும் வாசல்களில் ஒன்று அதனால் அடைபடுகிறது.

போக்கிமான் அட்டைகளுக்குள்ளேயே இதற்கோர் உவமை கிடக்கிறது. சூடோவூடோ என்று ஓர் உருவம். பார்ப்பதற்குக் கிளைகளும் இலைகளும் கொண்ட மரம். ஆனால் அதன் வகை பாறை. தண்ணீர் என்றால் அதற்கு ஆகாது. அட்டையில் மட்டும் இயற்கையைக் கற்கும் பிள்ளையின் அறிவும் இப்படித்தான் ஆகிவிடும். வெளியில் பசுமையாகத் தோன்றும். நீர் ஊற்றினால் வளராது.

கண் வரைந்த மரமும் கண்ணில்லாத மரமும்

இனி மார்க்கம் சார்ந்த ஐயங்களுக்கு வருவோம். தீர்ப்பு வழங்குவது நம் தகுதிக்கு அப்பாற்பட்டது. அதற்குரிய ஆலிம்களை அணுகுவதே முறை. பெற்றோர் எதை யோசிக்க வேண்டும் என்பதை மட்டும் எடுத்துவைக்கிறோம்.

உருவம் வரைவதைத் தொழிலாகக் கொண்ட ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்தபோது, அவர்கள் உயிருள்ளவற்றை வரைவதைப் பற்றி எச்சரித்துவிட்டு, வரைந்தே ஆக வேண்டுமாயின் மரங்களையும் உயிரற்றவற்றையும் வரையுமாறு கூறிய செய்தி புகாரியில் பதிவாகியிருக்கிறது. நாம் பேசும் அட்டைகளோ மரத்துக்கே கண்ணும் வாயும் வரைந்துவிடுகின்றன. எனவே இங்கே தயக்கம் ஏற்படுவது இயல்பு. அதே வேளையில், ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொருள்களில் இறக்கைகள் கொண்ட குதிரை ஒன்று இருந்ததையும், அதுபற்றி நபி (ஸல்) அவர்கள் கேட்டபோது சுலைமான் (அலை) அவர்களின் சிறகுள்ள குதிரைகளை ஆயிஷா (ரலி) அவர்கள் நினைவூட்டியதையும், நபி (ஸல்) அவர்கள் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்ததையும் அபூதாவூத் அறிவிக்கிறது. பிள்ளையின் விளையாட்டுக் கற்பனைக்கு மார்க்கத்தில் இடமே இல்லை என்று கூறுவோர் அந்தச் சிரிப்பை மறந்துவிடக் கூடாது. இவ்விரண்டு செய்திகளையும் எடைபோட்டே அறிஞர்கள் பொம்மைகள் குறித்துக் கருத்து வேறுபட்டுள்ளனர்.

2001ஆம் ஆண்டில் சவூதி அரேபியாவின் மூத்த மார்க்க அறிஞர்கள் இவ்விளையாட்டுக்கு எதிராகத் தீர்ப்பு வெளியிட்டனர். சூதாட்டத்தை ஒத்திருப்பதும், பரிணாமக் கொள்கையை மனத்தில் பதிப்பதும் அவர்கள் சொன்ன காரணங்களில் இரண்டு. இரண்டாவது காரணத்தைப் பற்றிப் பிள்ளைகளிடம் தெளிவாகவே பேசலாம். அட்டையில் 'பரிணாமம்' எனப்படுவது ஒரே உயிர் தன் வாழ்நாளிலேயே உருமாறுவது. முதுகில் விதையோடு பிறக்கும் பல்பசாருக்கு அடுத்த நிலையில் மொட்டு விடுகிறது, அதற்கடுத்த நிலையில் பூ விரிகிறது. புழு வண்ணத்துப்பூச்சியாவதையும் விதை மரமாவதையும் போன்ற வளர்ச்சி இது. விதை பிளந்து முளைப்பதைத் தன் ஆற்றலின் அத்தாட்சியாக அல்லாஹ் நமக்குக் காட்டுகிறான். அந்தப் பேச்சைத் தொடங்க பல்பசார் ஒரு வாய்ப்பு.

கவலைப்பட வேண்டிய அட்டைகளும் உண்டு. ஃபன்டம்ப் என்ற உருவம், காட்டில் வழிதவறி இறந்த குழந்தையின் ஆவி புகுந்த மரக்கட்டை என்று சித்திரிக்கப்படுகிறது. ரூஹைப் பற்றிய நம் நம்பிக்கைக்கு இது ஒவ்வாது. இது கதை, உண்மை அன்று என்று பிள்ளையிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டு, நம்மிடமுள்ள உண்மையையும் எடுத்துரைக்க வேண்டும். நபி (ஸல்) அவர்கள் சாய்ந்து நின்று உரையாற்றிய பேரீச்ச மரக்கட்டை, மிம்பர் வந்த பின் பிரிவாற்றாமல் அழுதது. அவர்கள் இறங்கி வந்து அணைத்துத் தேற்றினார்கள். அக்கட்டைக்குக் கண்ணில்லை, வாயில்லை. எந்த ஆவியும் அதற்குள் புகுந்திருக்கவில்லை. தன்னைப் படைத்தவனின் தூதரை அது அறிந்திருந்தது, அவ்வளவே. மரங்கள் ஸுஜூது செய்கின்றன என்று திருமறை கூறும்போதும் அவை மரங்களாகவே இருந்து செய்கின்றன. செடியை மதிக்க அதற்கு முகம் ஒட்டத் தேவையில்லை என்பதை நம் பிள்ளைகள் இங்கிருந்து கற்க வேண்டும்.

பணம் என்னும் சோதனை

மேற்கண்ட எதையும்விட நம்மை அதிகம் வருத்துவது, இந்த அட்டைகளைச் சுற்றியுள்ள பணம். பொதிகள் மூடியே விற்கப்படுகின்றன. உள்ளே எந்த அட்டை இருக்கிறது என்பது வாங்கிப் பிரித்த பின்னரே தெரியும். அரிய அட்டை கிடைக்கும் என்ற ஆசையே பிள்ளையை அடுத்த பொதிக்கும் அதற்கடுத்த பொதிக்கும் இழுக்கிறது. விற்கும் பொருள் எதுவென்று தெளிவில்லாத வணிகத்தை மார்க்கம் ஏன் தடுத்தது என்பதை நாம் அறிவோம். ஒவ்வொரு பொதியிலும் விளையாடத் தக்க அட்டைகள் இருப்பதால் இதில் சலுகை காண்போர் உண்டு. தவிர்ப்பதே பேணுதல் என்போரும் உண்டு. ஆனால் தோற்றவன் தன் அட்டையை வென்றவனிடம் இழக்கும் ஆட்டம் இருக்கிறதே, அது மைஸிர். அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை.

2021ஆம் ஆண்டில் ஒரே ஓர் அட்டை 52 இலட்சத்து 75 ஆயிரம் அமெரிக்க டாலர் மதிப்பில் கைமாறியது. இத்தகைய செய்திகளைக் கைப்பேசியில் பார்க்கும் பிள்ளை, தன் பையிலுள்ளதும் ஒருநாள் புதையலாகும் என்று நம்புகிறான். கடைத்தெருவில் மலிவாகக் கிடைக்கும் பளபளப்பான பொதிகளில் பல போலி அச்சு என்பது அவனுக்குத் தெரியாது. ஸைத்தூன் மரத்தை அட்டையில் பார்த்து ரசித்த கண், அதன் விலையை மட்டுமே பார்க்கத் தொடங்கும் நாளில் விளையாட்டு முடிந்துவிடுகிறது. பெற்றோர் உறுதியாகக் குறுக்கே நிற்க வேண்டிய இடம் இதுவே.

இல்லங்களில் என்ன செய்யலாம்?

'இப்படியெல்லாம் விளக்கம் கொடுத்தால் அட்டைக்கு நாமே ஆதரவு தருவதாக ஆகாதா?' என்று சிலர் கேட்கக்கூடும். புதிய அட்டை வாங்கித் தருமாறு நாம் எவருக்கும் சொல்லவில்லை. ஏற்கெனவே பிள்ளையின் கையில் இருப்பதைக் கொண்டு பேச்சைத் தொடங்குங்கள் என்றுதான் சொல்கிறோம். அட்டையே வேண்டாம் என்று முடிவெடுக்கும் குடும்பமும் இந்த உரையாடலை நடத்திவிட்டு அம்முடிவை எடுக்கட்டும். காரணம் தெரிந்து விடுவது நிலைக்கும். பறிக்கப்பட்டது மனத்தில் வடுவாக நிற்கும்.

விடுமுறை நாளொன்றில் இலைச் சின்னம் உள்ள அட்டைகளைத் தனியே பிரித்து வைக்கச் சொல்லுங்கள். "இந்தப் பூ உண்மையில் எந்த நாட்டில் பூக்கிறது வாப்பா? நீயே தேடிச் சொல்லு பார்ப்போம்" என்று கேளுங்கள். அவன் தேடட்டும். கழுத்தில் வாழைத்தாரோடு பறக்கும் ட்ரோப்பியஸ் அட்டை அவனிடம் இருந்தால், கொல்லையிலோ சந்தையிலோ உள்ள வாழையிடம் அழைத்துச் செல்லுங்கள். வாழை மரமே அன்று, இலையுறைகள் ஒன்றையொன்று பற்றி நிற்கும் பெரிய பூண்டு என்று காட்டுங்கள். வெட்டிய தண்டை உரித்துக் காட்டினால் அவனே ஒப்புக்கொள்வான்.

அடுத்து, சொந்தமாக அட்டை செய்யச் சொல்லுங்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டேவிட் இங் என்ற ஆசிரியர், மேற்சொன்ன ஆய்வைப் படித்ததன் விளைவாக 2010இல் உண்மை உயிரினங்களைக் கொண்டே ஓர் அட்டை விளையாட்டை அமைத்தார். அதையே நம் வீட்டில் ஒரு பழைய நாள்காட்டியின் பின்பக்கத்தில் செய்யலாம். வேம்பு, புங்கை, முருங்கை, மருதாணி, பேரீச்சை, மாதுளை. பெயர், இலை, பூக்கும் காலம், பயன், அதை நாடி வரும் பறவை. திருமறையிலோ ஹதீஸிலோ அது இடம்பெற்றிருந்தால் அந்த இடம். முகம் வரைய வேண்டியதில்லை. இலை ஒன்றைக் காயவைத்து ஒட்டினால் போதும். மதரஸாக்களிலும் இதை ஒரு வாரப் பணியாகக் கொடுக்கலாம் என்பது நம் ஆலோசனை.

நிறைவாக, ஒரு கன்று நடச் சொல்லுங்கள். ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து பறவையோ மனிதரோ கால்நடையோ உண்டால் அது அவருக்கு தர்மமாக எழுதப்படும் என்று அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. அட்டையில் சேர்த்த வலிமைப் புள்ளிகள் ஆட்டம் முடிந்தால் போய்விடும். ஒரு முருங்கைக் கன்றில் அணில் கொறித்த ஒவ்வொரு பூவும் பிள்ளையின் ஏட்டில் ஏறும். எந்தச் சேகரிப்பு சிறந்தது என்பதை அவனே கணக்குப் போட்டுக்கொள்வான்.

மச்சிதாவின் சிறுவன் வயலை இழந்த பிறகு அதை விளையாட்டாக மீட்க முயன்றான். நம்மைச் சுற்றி இன்னும் மீதமிருக்கும் மரங்களின் பெயர்களை, அவை இருக்கும்போதே நம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்போம். தன் படைப்புகளைக் கண்டு தன்னை அறிந்துகொள்ளும் பார்வையை வல்ல ரஹ்மான் நமக்கும் நம் சந்ததிகளுக்கும் வழங்குவானாக. ஆமீன்.